கரடிக்கு மஞ்சள் காமாலை

கரடியின் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா உச்சுக் கொட்டினார். ஈறெல்லாம் மஞ்சள். பித்தநாளத்தில் அடைப்பு இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்.

கரடி என்ற அந்த நாயைக் கொண்டுவந்தவன் தலையாட்டினான். பட்ட காலிலேயே படும் என்பார்கள். அவனுக்குப் பட்டுப் பட்டுக் கால் மரத்தே போயிருந்தது.

மறுநாள் காலை அவனுடைய ஒன்பது வயது மகளுக்கு மூளையில் ஆபரேஷன். ஒரு வருஷமாகக் காலையும் இரவும் மாத்திரை. மூன்று தடவை அளவைக் கூட்டியும் வலிப்பு நின்றபாடில்லை. கரடியை டாக்டரிடம் காட்டினால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றதால் வந்திருந்தான். இதையெல்லாம் சொல்லி, சீக்கிரம் பார்த்து அனுப்புங்கள் என்றான்.

ஸ்கேனில் பித்தநாளம் சுத்தமாக இருந்தது. பித்தப்பையிலும் கல் இல்லை. கெட்டிருந்தது ஈரல்தான்.

டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். எலி மருந்து வீட்டில் வைப்பதே இல்லை என்றான். குப்பையில் வாய் வைக்கும் பழக்கமும் கிடையாது. ஆனால் கொஞ்ச நாளாக நடை தள்ளாடுகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறது.

"நீங்க சாப்பிடறதுல ஏதாவது குடுப்பீங்களா?"

"இல்லைங்க. பொண்ணு மட்டும் காலைலயும் ராத்திரியும் ஒரு துண்டு வாழைப்பழம் போடுவா. அதுக்காகவே அவ காலடியில கிடக்கும்."

டாக்டரம்மா அவனை ஒரு கணம் பார்த்தார். மறுபடி ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. நாயும் போய்விட்டால் மகளிடம் என்ன பொய் சொல்வது என்று யோசித்தான், அதுவும் வரவில்லை.

டாக்டரம்மா காகிதத்தோடு வந்தபோது எழுந்திருக்கக்கூடத் தோன்றவில்லை.

"பிழைக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் அவகிட்ட மறைச்சுடறேன்."

"நாய் பிழைச்சுக்கும்" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தார் டாக்டரம்மா. "பொண்ணுக்கு மாத்திரையைப் பழத்துக்குள்ள வச்சுத்தானே குடுக்கறீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"நாய் ரத்தம் பூரா வலிப்பு மருந்து. ஆபரேஷனை நிறுத்தச் சொல்லுங்க சார், உங்க பொண்ணு இன்னும் மருந்தே சாப்பிடல."