இரட்டைக் கதவு

“கூண்டு நல்லாத் தெரியுது மாமா. அப்படியே போனைத் திருப்பி அடுப்படியைக் காட்டுங்க.”

ஸ்டூல் மேல் நின்றிருந்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கையில் போன், மறு கையில் ஸ்குரூ டிரைவர். வாயில் கவ்வியிருந்த திருகாணிகளைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: “அடுப்படியில என்னம்மா இருக்கு?”

“பூனை மேடை மேல ஏறி, அங்கேருந்து தாவிடுச்சுன்னா? ஆமா, சட்டி காலியா இருக்கே. இன்னும் சமைக்கலையா?”

“இந்தக் கதவை முடிச்சாத்தான் சமையல்!” என்று போனை அணைத்தார். காலையில் ஒரு விசாரணை, சாயங்காலம் ஒரு விசாரணை. வாய்த்தது மருமகளா, மேலதிகாரியா?

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் யார் வம்புக்கும் போகவில்லை. போன் அடித்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, அவள் வளர்த்த பூனை மகாராணியை நெஞ்சு மேல் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார். அந்த நிம்மதியும் மகனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இரண்டு லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

“புது ஃபிளாட்ல பறவை வளர்க்க விட மாட்டேங்கறாங்கப்பா. அவ உசுரா வளர்த்தது, பத்திரமாப் பார்த்துக்கோங்க.”

உசுராக வளர்த்தவளோ காரை விட்டே இறங்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் ஆட்டினாள்.

அன்றைக்குத் தொலைந்தது தூக்கம். ஸ்டாண்டில் வைத்தால் மகாராணி தள்ளிவிடுவாள் என்று கூண்டைச் சுவரில் கொக்கி அடித்து மாட்டினார். கம்பி இடைவெளியில் பாதம் நுழைகிறதென்று பொடிக்கண் வலை சுற்றினார். பூனையின் நகத்தை வெட்டப்போய் முழங்கையெல்லாம் கீறல். பூனையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தீனிக் கிண்ணத்தைத் தொடக்கூடாது என்று மருமகளின் உத்தரவு வேறு.

கடைசியில்தான் இந்த இரட்டைக் கதவு யோசனை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் அல்லவா? வெளிக்கதவு சாத்தினால்தான் உள்கதவு திறக்க வேண்டும். கீல்கூட மாட்டியாயிற்று, ஸ்பிரிங் மட்டும் பாக்கி.

எண்ணெய்க் குப்பியை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் ‘கிரீச்’சென்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், மகாராணி ஸ்டூல் மேலிருந்து எகிறி வலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பச்சைக் குருவி கத்திக்கொண்டே இருந்தது. நீலக் குருவி கூண்டின் அடியில் அசையாமல் கிடந்தது.

அதைத் துண்டில் பொதிந்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். செருப்புப் போடவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

“கீறல் இல்லை. பயந்துபோச்சு, அவ்வளவுதான். கதகதப்பா, இருட்டா வச்சிருங்க” என்றார் மருத்துவர்.

பிழைத்தது என்றதும் அடக்கி வைத்திருந்த எரிச்சலெல்லாம் பொங்கியது. வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டார். “என்னால இனி ஒரு நிமிஷம் முடியாதுடா. ரெண்டு பேரும் வந்து உங்க சொத்தை எடுத்துட்டுப் போங்க!”

மறுநாள் இருவரும் வந்தார்கள். நீலக் குருவி அதற்குள் தெளிந்து தினையைக் கொறிக்க ஆரம்பித்திருந்தது. அவர் கூண்டைக் கழற்றி மருமகளின் கையருகே நீட்டினார்.

குருவி சிறகை ஒரு தரம் படபடவென்று அடித்தது. “ஐயோ!” என்று அலறிய மருமகள் பின்னால் துள்ளிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை.

“அப்பா, அவகிட்டக் கொண்டு போகாதீங்க!” மகன் குறுக்கே வந்து கூண்டை வாங்கினான். “சின்ன வயசுலேருந்தே அவளுக்குப் பறவைன்னா உயிரே போயிடும்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப இது யார் வளர்த்தது?”

“யாரும் வளர்க்கலப்பா. உங்களுக்குன்னே கடையில வாங்கினோம். யோசனை அவளோடது.”

“யோசனையாம் யோசனை! பூனை இருக்கிற வீட்டுல பறவையைக் கொண்டாந்து விடலாமாம்மா? கொஞ்சமாவது யோசிச்சியா?”

சுவரை விட்டு நகராமலே மருமகள் மெதுவாகச் சொன்னாள்:

“யோசிச்சேன் மாமா. பூனை இருக்கிற வீட்டுல பறவையை விட்டா, யாராலயும் படுத்தே கிடக்க முடியாதில்ல?”