ரேடியோவில் வந்த வகுப்புத் தோழிகள் பாட்டு

நாரின் நகரத்து ஐந்தாம் மாடிச் சமையலறையில் மதிய வெயில் தேநீர்க் கிண்ணங்களின்மேல் விழுந்து கிடக்கிறது. பக்கவாதம் வந்து நான்கு மாதமாய்ப் பேச்சிழந்திருக்கும் தன் பள்ளித்தோழி அனார்கானுக்கு, ரொட்டியில் பாலாடை தடவி ஊட்டுகிறாள் பூருல். “வாயத் தொறடி மகாராணி” என்று அவள் அதட்டும்போது ரேடியோவில் அந்தப் பழைய பாட்டு வருகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோழிகளைப் பற்றிய பாட்டு. பள்ளியின் கடைசி நாளில் இருவரும் தொண்டை கிழியப் பாடியது. பூருல் முணுமுணுக்கிறாள். இரண்டாவது அடியில் கரகரத்த இன்னொரு குரல் வந்து சேர்கிறது. அனார்கான்தான் பாடுகிறாள், ஒரு சொல்கூடத் தவறாமல். பூருலின் கையில் ரொட்டி அப்படியே நிற்கிறது. பாட்டு முடிந்ததும், “அனார், எங்க, எம் பேரச் சொல்லு பாப்போம்” என்கிறாள். அனார்கானின் உதடுகள் கோணி நெளிகின்றன. வெறும் காற்றுதான் வருகிறது. கண்கள் நிறைந்துவிடுகின்றன. “விடுடி, பேரு என்ன பெரிய பேரு” என்று ரேடியோவை அணைத்துவிட்டு, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பூருல் முதல் அடியிலிருந்து தானே தொடங்குகிறாள்.