நாற்பத்திரண்டு பேரும் பத்திரம்

மார்த்தாள் மயங்கி விழுந்து பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

மயங்கியவள் அசையக்கூடாது. இடது கணுக்காலில் ஏறிய கட்டெறும்புக்கு அதெல்லாம் தெரியவில்லை.

காலி டிரம்களை அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தாள். விழும்போதே நிழல் பார்த்து விழுந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மயங்கியவள் அப்படிச் செய்யமாட்டாள்தான். ஆனால் தரை சுட்டது.

மானாம்பதி சாலையில் இருக்கும் அந்த ரசாயனக் கம்பெனியில் அன்று ஒத்திகை. அம்மோனியா டேங்கில் கசிவு என்று வைத்துக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்குச் சங்கு ஊதியதும் எல்லோரும் காற்றுக்குக் குறுக்காக நடந்து, கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் கூட வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். ஆள் குறைந்தால், முகமூடி போட்டவர்கள் உள்ளே ஓடித் தூக்கி வருவார்கள்.

இதைப் பார்க்கக் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்திருந்தார்.

சேஃப்டி ஆபீசர் அருள்தாஸ் முந்தின நாளே மூன்று தடவை நடத்திப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர். சேஃப்டி என்றால் சோறு தண்ணி மறந்துபோகும்.

மைக்கில் பெயர்கள் ஓடின. சாமுவேல். ஸ்வேதா. அஜய். ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி "உள்ளேன்" என்றார்கள்.

மார்த்தாள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

கடைசிப் பெயருக்குப் பிறகு மைக் கொஞ்சம் இருமியது.

"நாற்பத்திரண்டு பேரும் பத்திரம். ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது."

கைதட்டல் கொட்டகை வரைக்கும் கேட்டது.

மார்த்தாள் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் நிஜமாகவே கொஞ்சம் கசிந்தது. கண் எரிந்தது, நாலு பேர் இருமினார்கள், வால்வை மூடியதும் அடங்கிவிட்டது. அன்றைக்கும் அதே மரத்தடி, அதே பட்டியல். ஆறு வருஷமாக டிரம் கழுவுகிற மார்த்தாள் கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவள் பெயர் வரவேயில்லை. கம்பெனியில் கேட்டால் கான்ட்ராக்டரைக் கைகாட்டினார்கள். கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டினார்.

இப்போது மைக்கில் டீயும் போண்டாவும் தயார் என்றார்கள். காற்றில் வாசனையும் வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

ரிப்போர்ட்டில் ஒட்ட ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அருள்தாஸ் சிரித்த முகத்தோடுதான் அந்தப் பக்கம் வந்தார். டிரம்களுக்கு நடுவில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

போன் கையிலிருந்து நழுவியது. ஓடிவந்து மண்டி போட்டு, அவள் மூக்கருகே விரலை வைத்தார். மார்த்தாளுக்குப் பாவமாகிவிட்டது.

கண்ணைத் திறந்தாள்.

"எவ்ளோ நேரம் சார் ஆச்சு?"

பழக்கதோஷத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சங்கு ஊதி நாப்பத்தேழு நிமிஷம்."

சொன்ன பிறகுதான் அந்த நேரம் அவருக்கு உறைத்தது. அம்மோனியா அவ்வளவு நேரம் காத்திருக்காது என்று போன வாரம் பாடம் எடுத்தவரே அவர்தான். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கள யாரும்மா இங்க படுக்கச் சொன்னது? மயக்கம் போட்டவனா நடிச்சது மணிகண்டன். அவன அஞ்சே நிமிஷத்துல தூக்கிட்டோமே."

"யாரும் சொல்லல சார். லிஸ்ட்ல பேரு இல்லாதவங்கள எப்பத் தேடுவீங்கன்னு பாக்கலாம்னு, நாங்களா படுத்துக்கினோம்."

'நாங்களா' என்றதை அருள்தாஸ் அப்போது கவனிக்கவில்லை.

மார்த்தாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுத்தாள்.

"செல்லம்மா, எழுந்து வாடி. பாத்துட்டாங்க."

பாய்லருக்குப் பின்னாலிருந்து செல்லம்மாள் வந்தாள். மூட்டை குடோனிலிருந்து காளியம்மாளும் செங்கேணியும் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, லாரிக்கு அடியிலிருந்து, கழிவறைச் சுவரோரமிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சுப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். நன்றாகத் தூங்கியிருந்தான்.

அருள்தாஸ் விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். பதினாலு.

அதற்குமேல் யாரும் வரவில்லை என்றதும் நீளமாக மூச்சு விட்டு எழுந்தார்.

"இன்னும் ரெண்டு பேரு கீறாங்க சார்," என்றாள் மார்த்தாள். "போய்த் தேடுங்க."