ஆட்சேபணை எதுவும் வரவில்லை

திங்கட்கிழமை, காலை பதினொன்றரை.

குறைதீர் நாள். ஆட்சியர் அலுவலகக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றின. காற்று கீழே வரவில்லை.

அவள் மனுவை மேசைமேல் வைத்தாள்.

எழுத்தர் தணிகாசலம் முதல் வரியை மட்டும் படித்தார். தாளை அவள் பக்கமே தள்ளினார்.

“குவாரி ஆட்சேபணையா? இதைப் பேப்பர்ல வாங்க மாட்டோம் அம்மிணி. ஆன்லைன்ல மட்டுந்தான்.”

“ஆன்லைன்ல திறக்க மாட்டேங்குதுங்க.”

“நெட் பிரச்சினையா இருக்கும்.”

நெட் பிரச்சினை இல்லை.

ஒரு வாரமாக முயன்றுவிட்டாள். தன் கைப்பேசியில். ஊரில் இருந்த கைப்பேசி அத்தனையிலும். கடைவீதிக் கணினி மையத்தில். எங்கே போனாலும் ஒரே சாம்பல் நிறப் பெட்டி.

உங்கள் உலாவியில் இத்தளம் இயங்காது.

அதன் கீழே, எந்த உலாவியில் இயங்கும் என்று ஒரு பெயர். அதைச் செய்த கம்பெனியே அதைக் கைகழுவி வெகுகாலம் ஆகியிருந்தது.

இன்று மாலையோடு அவகாசம் முடிகிறது. ஆட்சேபணை வராவிட்டால் ஊருக்குச் சம்மதம் என்று கொள்ளப்படும். குவாரி அறிவிப்பில் அப்படித்தான் இருந்தது.

சம்மதம் என்றால் ஊரை ஒட்டிய பாறைக்குன்றான ஆனைக்கரட்டில் வெடி வைப்பார்கள்.

ஊரிலிருந்து பார்த்தால் அவள் வீடு கடைசி வீடு. கரட்டிலிருந்து பார்த்தால் முதல் வீடு.

தணிகாசலம் தன் கணினியில் எதையோ தேடினார்.

“இதுவரைக்கும் ஒரு ஆட்சேபணையும் வரல. வேற யாருக்கும் பிரச்சினை இல்ல போல.”

“உங்க கம்ப்யூட்டர்ல அந்த சைட்டு திறக்குதுங்களா?”

“இதுல திறக்கும். இது பழைய மெஷின். அப்டேட் பண்ணவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலும் விழுந்தது.

“அப்ப இதுலயே போட்டுட்டுப் போயிடறனுங்க.”

“பொதுமக்கள் தொடக் கூடாது.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

“எந்த ப்ரௌசர்ல போனாலும் சர்க்கார் சைட்டு திறக்கோணும்னு சர்க்காரே எழுதி வச்சிருக்குதுங்க. இன்ன கம்பெனி செருப்புப் போட்டவன் மட்டும் ஆபீஸ் படி ஏறலாம்னு வாசல்ல போர்டு மாட்டுவீங்களா?”

“செருப்பை எதுக்கும்மா இங்க இழுக்கறே? எங்கயாச்சும் பழைய லேப்டாப் இருந்தா வாங்கி அதுல போடு.”

அவள் தோள்பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தாள்.

பழையதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் அரசு இலவசமாகக் கொடுத்தது. உள்ளே இருந்ததும் அரசே ஏற்றிக் கொடுத்த மென்பொருள்தான். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விடப்பட்டது. கல்லூரிப் படிப்பு முழுவதையும் அதில்தான் முடித்தாள்.

“நீங்க குடுத்ததுதானுங்க.”

கைப்பேசியிலிருந்து இணைப்புக் கொடுத்தாள். தளத்தின் முகவரியைத் தட்டினாள்.

சாம்பல் பெட்டி வந்தது.

தணிகாசலம் அதைப் படித்தார். மேடையைப் பார்த்தார். ஆட்சியரின் நாற்காலி இன்னும் காலியாக இருந்தது.

“நான் என்னம்மா பண்றது?”

அவர் என்ன பண்ண வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். குறைதீர் நாளில் மேசைக்கு வரும் மனுவுக்கு எண் போட வேண்டும். தேதி முத்திரை வைக்க வேண்டும். முத்திரை விழுந்துவிட்டால், கெடு முடியும் முன்பே ஆட்சேபணை வந்தது என்று ஆகிவிடும். அப்புறம் ஊர் சம்மதித்தது என்று ஒருவரும் எழுத முடியாது.

அவருக்கும் தெரியும்.

அவள் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மேசையின் நடுவுக்கு நகர்த்தினாள்.

“பேப்பர்ல வாங்க மாட்டீங்க. சரிங்க. இது பேப்பர் இல்லீங்க.”

“என்னது இது?”

“என்ர மனு.”



பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தாண்டி நீண்டது. பக்கத்து வீட்டுப் பாவாயி. மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசி ஒன்றை மடிக்கணினிக்கு அருகில் வைத்தாள். அதிலும் அதே பெட்டி.

“என்ரதையும் சேத்துக்குங்க சாமி. ஆனா மத்தியானத்துக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க. பையன் திருப்பூர்ல இருந்து கூப்புடுவான்.”

இந்த முறை அவளும் சிரித்துவிட்டாள்.

அடுத்து வேலாத்தாள். அடுத்து கரட்டடியில் ஆடு மேய்க்கும் ரங்கண்ணன். ஊரே வரிசையில் நின்றிருந்தது தணிகாசலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். மேசையில் இடம் போதவில்லை. ஒரு திரை அணைந்தது. வைத்தவரே எட்டித் தொட்டு ஒளிர வைத்தார்.

எல்லாவற்றிலும் அதே வரி.

தணிகாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மறுபடி மேடையைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

பழக்கத்தில் கை தானாக முத்திரைக்கட்டையை எடுத்தது. மைப்பெட்டியில் அழுத்தியது. உயர்ந்தது.

அங்கேயே நின்றது.

அவள் மடிக்கணினியை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்குத் தேதி நல்லாத் தெரியோணுங்க. எங்க வைக்கறீங்க, கண்ணாடி மேலயா, மூடி மேலயா?”