திருடனுக்கு வைத்த கணினி

ஒரு துணைமின் நிலையத்தில் இரண்டு கணினிகள் அக்கம்பக்கமாக இருந்தன. ஊருக்கு மின்சாரம் அனுப்புவது பெரியதன் வேலை. சின்னது, இன்டர்ன்ஷிப்புக்கு வந்த மாணவி ரிஸ்வானா செய்த போலி. இணையம் வழியாக நுழையும் திருடன் இதையே நிஜமென்று நம்பட்டும் என்று, தன் தெருவின் பெயரையே அதில் எழுதிவைத்துவிட்டு, இன்டர்ன்ஷிப் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அண்ணே, அந்தத் தெருவ ஒரு நிமிஷம் குடுண்ணே. நானும் ஒரு லைட்டப் போட்டுப் பாக்குறேன்" என்று சின்னது தினமும் கெஞ்சும்.

"உன் பின்னாடி ஒரு கம்பியாவது இருக்காடா? உனக்குக் குடுத்தா திருடனுக்குக் குடுத்த மாதிரி."

ஒருநாள் திருடன் வந்தேவிட்டான். சின்னதுக்குள் நுழைந்து, அந்தத் தெருவையே இருட்டாக்கிவிட்டதாக நினைத்துக் குதிக்கும்போது பிடிபட்டான்.

"தெரு இருண்டுச்சாண்ணே?"

"எங்க இருண்டுச்சு. எல்லா வீட்லயும் ஃபேன் ஓடுது. உன்னாலதான்டா."

"ரிஸ்வானா வீட்லயும் லைட் எரியுதா?"

"எரியுது."

சின்னது மெதுவாகக் கேட்டது. "வெளிச்சம்னா எப்படிண்ணே இருக்கும்?"

பெரியது யோசித்தது.

"எனக்கு அனுப்பத்தான்டா தெரியும். நானும் பாத்ததில்ல."