ஃபிளாஸ்க் வெந்நீர்

கேள்விகள் அவளிடம்தான் கேட்கப்பட்டன. பதில்கள் அம்மாவிடமிருந்து வந்தன.

தையல் வலிக்கிறதா? பொறுத்துக்கொள்வாள் என்றாள் அம்மா.

பால் ஊறிவிட்டதா? நேற்றே.

எழுந்து நடந்தாளா? கையைப் பிடித்து நான்தான் கூட்டிப்போனேன்.

நர்ஸ் ஜெசிந்தா எல்லாவற்றையும் அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது.

அது என்ன கேள்வி என்று கட்டிலில் கிடந்தவளுக்குத் தெரியும்.

ஏழாம் மாதப் பரிசோதனையில், தனியாக இருந்த நேரம் பார்த்து இதே ஜெசிந்தா சொன்னதுதான். அடுத்தது வேண்டாமென்றால் காப்பர் டி இருக்கிறது. பிரசவமாகி இரண்டு நாளுக்குள் இங்கேயே போட்டு அனுப்பிவிடலாம். கையெழுத்து உன்னுடையது மட்டும் போதும்.

இரண்டு நாள் இன்று மதியத்தோடு முடிகிறது.

பக்கத்தில் இரண்டாவது பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை ரத்தம் நிற்கவில்லை. மூன்று பாட்டில் ஏற்றினார்கள். இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்தது பையன்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டுப் போனபோது தலையை ஆட்டியதும் அதே அம்மாதான்.

அம்மாவைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மூத்தவள் பிறந்து ஆறு மாதம்வரை கூட்டிப்போக யாரும் வரவில்லை. அம்மாதான் அங்கே போய், காலில் விழாத குறையாகப் பேசிவிட்டு வந்தாள்.

போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா எதிரில் அதைச் சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டால் மாப்பிள்ளைக்கும் தெரிந்த மாதிரிதான். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கேட்ட மாத்திரத்தில் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடியும் ஜெசிந்தாவை.

ஜெசிந்தா பேனாவை மூடினாள்.

அலமாரி மேலிருந்த ஃபிளாஸ்க்கை எடுத்தாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான் அம்மா கேண்டீனில் வெந்நீர் வாங்கி வந்திருந்தாள். அங்கே ஈ காக்கா இல்லை, போனதும் கொடுத்துவிட்டான் என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

ஜெசிந்தா அவ்வளவையும் வாஷ்பேசினில் கொட்டினாள்.

"ஆறிப்போச்சும்மா. வேற வாங்கிட்டு வாங்க."

பேசினிலிருந்து ஆவி எழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

அம்மா ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் காலில் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டாள். மகளின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வாசல்வரை போய் நின்றாள்.

"கேண்டீன்ல ஒரே கூட்டம். நான் வர ஒரு மணி நேரமாவது ஆகும்."