பன்னிரண்டாவது தொட்டி

"நாளைக்கு ஆபீஸ்ல ஒரு வண்டு பறந்தாலும், அது பின்னாடியே நீயும் பறந்துடுவே."

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்தே தீருவான்.

அந்த அலுவலகத்தில் டீ போடுவதும் தொட்டிச் செடிகளைக் கவனிப்பதும் அவள் வேலை. காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாளின் கழுத்தில் ஒரு கறுப்பு வண்டு போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் லிஃப்டே நின்றுவிட்டதாகக் கணக்குப் பிள்ளை சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

வண்டு முட்டையிடுவது தொட்டி மண்ணில்தான். மதியம் எல்லோரும் மீட்டிங்குக்குள் போனதும் பழைய பேப்பரை விரித்தாள். ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்த்து, வேர் அறாமல் மண்ணை உதிர்த்துப் பார்த்தாள். கையில் ஸ்பூன், பக்கத்தில் சோப்புத் தண்ணீர்.

பதினோரு தொட்டியிலும் ஒரு புழுகூட இல்லை.

மிச்சம் ஒன்று. அது மேனேஜர் அறையில் இருந்தது.

சிடுமூஞ்சி என்றுதான் அவருக்குப் பெயர். ஐந்து மாதத்தில் அவளிடம் அவர் பேசியது ஒரே தடவை. தன் அறைச் செடியைத் தொட வேண்டாம், தானே பார்த்துக்கொள்கிறேன் என்று. அவளுக்கு முன்னால் டீ போட்டவள் வேலையை விட்டுப் போனதே அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்று கேள்வி.

தொட்டால் இவர் துரத்துவார். தொடாவிட்டால் சூப்பர்வைசர் துரத்துவான்.

உள்ளே போய்த் தொட்டியைக் கவிழ்த்தாள். மண் பிசுபிசுவென்று சரிந்தது. கொழுத்த வெள்ளைப் புழுக்கள், வளையம் வளையமாகச் சுருண்டு, வேரில் பாதியைத் தின்று தீர்த்திருந்தன. குப்பென்று ஒரு நாற்றம். பாலும் சர்க்கரையும் புளித்த நாற்றம்.

அவள் போட்ட டீ.

தினமும் இரண்டு வேளை காலியாகத் திரும்பிய கப்பைப் பார்த்து, இந்த மனுஷனுக்காவது நம்ம டீ பிடிச்சிருக்கே என்று பூரித்துப் போயிருந்தாள். ஊற்றுவது இவர், முட்டையிடுவது வண்டு, பழி மட்டும் என் தலையிலா?

கதவு திறந்தது.

மேனேஜர். அவர் பார்வை பேப்பரில் நெளிந்த புழுக்கள் மேல் போய், அவள் மேல் வந்து நின்றது. ஸ்பூன் அவள் கையிலிருந்து நழுவியது.

அவர் கதவைச் சாத்தினார்.

"பார்த்துட்டீங்களா" என்றார். வெளியே கேட்காத குரலில்.

போகிற வேலைதானே என்று ஒரு துணிச்சல் வந்தது அவளுக்கு.

"என் டீ அவ்வளவு மோசமா சார்?"

"ஒரு நாளும் குடிச்சுப் பார்த்ததில்லைம்மா. என் வயித்துக்கு டீ ஆகாது. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார்."

"அப்போ எனக்கு டீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

அவர் குனிந்து, கீழே கிடந்த ஸ்பூனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"முன்னாடி இருந்த அம்மாகிட்ட அதைத்தான் சொன்னேன். சூப்பர்வைசர் காதுல அது டீ நல்லாயில்லைன்னு விழுந்துடுச்சு. மறுநாள் டீ கொண்டுவந்தது நீங்க."